பிரேக் பிடிக்கும் இடத்தில் தடம் தேய்கிறது

சுவிட்சர்லாந்தின் கிரௌபுண்டன் கன்டோனில் (மாநிலத்தில்), குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கும் கோடையில் மலை மிதிவண்டிக்கும் கம்பிவடத்தில் ஆளை மேலே ஏற்றும் ஒரே லிஃப்டைப் பயன்படுத்தும் ஒரு மலைச்சரிவில், ஒன்பது கோடைகளாக மிதிவண்டித் தடங்களைத் திட்டமிட்டு, வெட்டி, பழுதுபார்க்கும் குழுவில் வேலை செய்து வருகிறேன். அதற்கு முன் நான்கு குளிர்காலங்கள் அதே சரிவில் செயற்கைப் பனி தூவும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டேன். இரவில் குழாய்களின் வழியே நடந்து நடந்து மலையின் ஒவ்வொரு மடிப்பும் பழகியிருந்ததால், தடம் வெட்ட ஆள் தேவைப்பட்டபோது என்னை அழைத்தார்கள். ஆனால் பனி மூடிய சரிவும் மண் தெரியும் சரிவும் ஒன்றல்ல என்பது முதல் கோடையிலேயே புரிந்தது. பனி எல்லாப் பள்ளங்களையும் நிரப்பி மறைத்துவிடுகிறது. தடம் வெட்டுபவருக்கு வேண்டியதோ அந்தப் பள்ளங்களைப் பற்றிய அறிவுதான்.

லிஃப்டில் மிதிவண்டியை மாட்டி மேலே ஏற்றி, அதற்கென்றே கட்டிய தடங்களில் இறங்கும் இடத்தைப் பைக் பார்க் என்கிறோம். கனடாவின் விஸ்லர் மலையில் 1999-இல் தொடங்கிய பைக் பார்க் இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. கோடையில் சும்மா நிற்கும் லிஃப்டுகளுக்கு வேலை கொடுக்க வேண்டிய தேவை ஆல்ப்ஸ் மலை ஊர்கள் எல்லாவற்றுக்கும் இருந்ததால், இங்கும் அது வேகமாகப் பரவியது. எங்கள் கன்டோனிலுள்ள லென்சர்ஹைடேயில் 2018 செப்டம்பரில் மலை மிதிவண்டி உலகச் சாம்பியன் போட்டியே நடந்தது. ஆனால் போட்டித் தடமும் பொதுமக்கள் தடமும் வேறு வேறு. போட்டித் தடத்தில் தேர்ந்த வீரர்கள் சில நாள்கள் ஓட்டுகிறார்கள். பொதுத் தடத்திலோ பத்து வயதுக் குழந்தை முதல் அறுபது வயதுக்காரர் வரை ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் வரை தினமும் இறங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிக்கடி பிரேக் பிடிப்பவர்கள். நான் எழுதப்போவது அவர்களுக்கான தடத்தைப் பற்றித்தான்.

எங்கள் லிஃப்டின் மேல் நிலையத்துக்கும் கீழ் நிலையத்துக்கும் இடையே 700 மீட்டர் உயர வேறுபாடு இருக்கிறது. தொடக்க நிலையினரும் நடுத்தரத் திறமையுள்ளவர்களும் மகிழ்ச்சியாக இறங்கக்கூடிய தடத்துக்குச் சராசரிச் சாய்வு 8 சதவீதத்தை, அதாவது 100 மீட்டர் நீளத்துக்கு 8 மீட்டர் இறக்கத்தை, தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. 700 மீட்டரை 8 சதவீதத்தில் இறங்க ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளம் வேண்டும். முதல் தடத்துக்கு எங்களுக்குக் கிடைத்த பணம் ஐந்தரை கிலோமீட்டருக்குத்தான் போதும் என்று நிர்வாகம் சொன்னது. அப்படியானால் சராசரியே கிட்டத்தட்ட 13 சதவீதம் ஆகிவிடும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அல்லது மேல்பாதியை மட்டும் அந்தப் பணத்தில் சரியாகக் கட்டிவிட்டு, நடு நிலையத்தோடு நிறுத்துவோம் என்று வாதிட்டிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கிடைத்த வாய்ப்பு கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சத்தில் ஒப்புக்கொண்டேன். அடுத்து வந்த மூன்று கோடைகளின் வேலை முழுவதும் அந்த ஒப்புதலின் விளைவுதான். யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால், இயந்திரத்தைப் பற்றியும் தாவுமேடைகளைப் பற்றியும் பேசுவதற்கு முன், உயர வேறுபாட்டை நீளத்தால் வகுத்துப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

நீளம் முடிவான பிறகு நடை தொடங்குகிறது. தொட முடியாத இடங்களை முதலில் வரைபடத்தில் குறிக்கிறோம். சதுப்பு நிலங்கள் அதில் முதன்மையானவை. 1987 டிசம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் சுவிஸ் மக்கள் தேசிய முக்கியத்துவம் உடைய சதுப்பு நிலங்களுக்கு அரசியலமைப்பிலேயே பாதுகாப்பு அளித்தார்கள்; அவற்றின் வழியே தடம் போட முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். காட்டில் மரங்களை அகற்றி வழி விடுவதற்குத் தனி அனுமதி வேண்டும். கருங்காட்டுக்கோழி குஞ்சு பொரிக்கும் குறும்புதர்ப் பகுதிகளை விலக்க வேண்டும். மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டிகள், நடைப்பயணிகளின் பாதைகள், பனித்தூவிக் குழாய்களும் மின்கம்பிகளும் புதைந்திருக்கும் கோடுகள் என்று ஒவ்வொன்றாகக் குறித்து முடித்தால், விரிந்து கிடப்பதாகத் தோன்றிய மலையில் தடத்துக்கு மிச்சமாக இருப்பது சில குறுகிய பட்டைகள் மட்டுமே.

அந்தப் பட்டைகளை எப்போது நடந்து பார்க்கிறோம் என்பது மிக முக்கியம். நல்ல வெயில் நாளில் பார்த்தால் எல்லாச் சரிவும் அழகாகத்தான் இருக்கும். பனி உருகும் மே கடைசி வாரங்களில் நடந்தால் எங்கே பனி கடைசியாகக் கிடக்கிறது, எங்கே நிலத்தடி நீர் வெளியே கசிகிறது, எந்த மடிப்பில் ஓடை பிறக்கிறது என்று தெரியும். மழை பெய்யும்போதே ஒருமுறை நடக்க வேண்டும். பிறகு வறண்ட ஆகஸ்டில் ஒருமுறை நடக்க வேண்டும். அப்போதும் புல் பச்சையாக இருக்கும் இடம் ஊற்று உள்ள இடம். இந்த மூன்று நடைகளுக்கும் பிறகே சரிவுமானியைக் கையில் எடுத்து, நிற நாடாக்களைக் கட்டத் தொடங்குகிறோம். நாடா கட்டிய கோட்டை மேலிருந்து மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், கீழே போய் அண்ணாந்தும் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்க்கும் கண் ஓட்டுபவருடைய கண். தண்ணீர் எந்த வழியில் இறங்கும் என்பது கீழிருந்து பார்க்கும்போதுதான் துலங்குகிறது.

முதல் தடத்தின் கீழ்ப்பகுதியில் பனிச்சறுக்குப் பாதையை ஒட்டி ஒரு புல்வெளி இருந்தது. மென்மையான சரிவு, மரம் இல்லை, பாறை இல்லை, இயந்திரம் எளிதாகப் போகும். அங்கே 80 மீட்டர் நீளத்துக்கு 16 சதவீதச் சாய்வில் தடத்தை இறக்கினோம். அந்தப் புல்வெளியின் சொந்தச் சரிவே 20 சதவீதம்தான். தடம் கட்டுபவர்களிடையே நன்கு தெரிந்த ஒரு விதி உண்டு: தடத்தின் சாய்வு, அது கடந்து போகும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேலிருந்து வரும் நீருக்குத் தடத்தைக் குறுக்கே கடந்து கீழே போவதைவிடத் தடத்தின் வழியாகவே ஓடுவது எளிதாகிவிடும். அந்த விதியை நான் படித்திருந்தேன். ஆனால் செங்குத்தான இடங்களில் மட்டுமே எச்சரிக்கை வேண்டும் என்றும், மென்மையான வெளியில் எப்படிப் போட்டாலும் தாங்கும் என்றும் மனத்துக்குள் ஒரு தவறான எண்ணம் இருந்தது. உண்மை நேர்மாறானது. செங்குத்தான பக்கச் சரிவில் படி போல வெட்டிய தடத்தில் விழும் நீர் வெளிப்பக்க விளிம்பைத் தாண்டி உடனே போய்விடும். தட்டையான வெளியில் தடம் தரையைவிடச் சற்றே தாழ்ந்துவிட்டால் போதும், அது வாய்க்காலாகிவிடும்.

திறந்த மூன்றாவது வாரத்தில், ஆகஸ்ட் மாத மாலை ஒன்றில், இரண்டு மணி நேரம் இடிமழை பெய்தது. மறுநாள் காலையில் அந்த 80 மீட்டரில் முழங்கால் ஆழத்துக்கு ஓர் அறுப்பு ஓடியிருந்தது. எங்கள் மலையின் அடிப்பாறை பெரும்பாலும் தகடு தகடாக உதிரும் சாம்பல் நிறக் களிப்பாறை. அது உதிர்ந்து உண்டாகும் மண் காய்ந்தால் கல்போல இறுகும், நனைந்தால் வழுவழுப்பாகி நீரோடு போய்விடும். போன மண் எல்லாம் கீழேயிருந்த மேய்ச்சல் நிலத்தில் விசிறிபோலப் படிந்து கிடந்தது. அந்த மேய்ச்சலைப் பார்த்துக்கொள்பவர் வந்து, நீண்ட நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “இந்தப் புல் அடுத்த ஆண்டு வராது” என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது போலவே நடந்தது. வண்டி வண்டியாக மண்ணை அள்ளி மேலே கொண்டு போனோம், விதை தூவினோம், இரண்டு கோடைகளுக்குப் பிறகே அந்த இடம் மறுபடி பசுமையானது.

பிறகு அந்தப் பகுதியை அப்படியே மூடிவிட்டு, கோட்டைப் பக்கவாட்டில் நகர்த்தி, 7 சதவீதச் சாய்வில் இரண்டு வளைவுகளோடு புதிதாகக் கட்டினோம். 80 மீட்டர் 180 மீட்டரானது. முதலில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தைப்போல் இரு மடங்கு இங்கே போனது. புதிய பகுதியில் ஏறத்தாழ 15 மீட்டருக்கு ஒருமுறை தடம் கொஞ்சம் மேலேறி மறுபடி இறங்கும்படி அமைத்தோம். தாழ்வான ஒவ்வோர் இடத்திலும் வெளிப்பக்க விளிம்பை அகலமாகத் திறந்து விட்டோம். அதனால் எந்த மழையிலும் நீர் 15 மீட்டருக்கு மேல் தடத்தில் பயணம் செய்ய முடியாது. குறுக்கே மரக்கட்டையோ ரப்பர்ப் பட்டையோ பதித்து நீரைத் திருப்பும் பழைய முறையும் இருக்கிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டையின் பின்னால் மண் சேர்ந்ததும் நீர் அதன் மேலேறிப் போய்விடுகிறது, ஈரமான கட்டையில் சக்கரமும் வழுக்குகிறது. நிலத்தின் வடிவமே நீரைத் திருப்ப வேண்டும்.

இந்த ஏற்ற இறக்கங்கள் இன்னொரு வேலையையும் செய்தன. அதை நாங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஓட்டுபவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். தடத்தின் மற்ற பகுதிகளில், வளைவுகளுக்கு முன்னால் 10, 15 மீட்டர் தூரத்துக்குத் தரை துணி துவைக்கும் கல்லைப் போல அலை அலையாக உடைந்திருந்தது. அவற்றைப் பிரேக் குழிகள் என்கிறோம். வேகமாக வருபவர் வளைவைக் கண்டு பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் மண்ணைப் பிடித்து இழுக்கிறது, துள்ளுகிறது, மறுபடி பிடிக்கிறது. அடுத்தவருடைய சக்கரம் அதே குழியில் இன்னும் பலமாகத் துள்ளுகிறது. குழியில் மழைநீர் தேங்குகிறது, மண் இளகுகிறது. வாரந்தோறும் நிரப்பி இறுக்கினாலும் பத்து நாளில் திரும்ப வந்தன. ஆனால் புதிதாகக் கட்டிய 180 மீட்டரில் ஒரு குழிகூட வரவில்லை. ஓட்டுபவர் பிரேக் பிடிக்க வேண்டிய தேவையையே அந்தச் சிறு ஏற்றங்கள் எடுத்துவிட்டிருந்தன.

கணக்கு எளிமையானது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு மீட்டர் உயரம் ஏறினால், மிதிக்காமலும் பிரேக் பிடிக்காமலும் அவருடைய வேகம் ஏறத்தாழ 25-க்குக் குறைந்துவிடும். ஒன்றரை மீட்டர் ஏறினால் 23. அந்த உயரத்தை வளைவின் நுழைவாயிலுக்கு முன்னாலேயே வைத்துவிட்டால் போதும். வளைவின் ஆரமும் அதேபோல வேகத்தோடு கட்டுண்டது. வெளிப்பக்கம் சுவர்போல உயர்த்திய வளைவை நாங்கள் பெர்ம் என்கிறோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் 8 மீட்டர் ஆரமுள்ள பெர்மில் டயரின் பிடிப்பை நம்பாமல் நிற்க, சுவர் 41 பாகை அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். 6 மீட்டர் ஆரம் என்றால் 50 பாகை. 4 மீட்டர் என்றால் 60 பாகை. அறுபது பாகைச் சுவரைப் பார்த்த மாத்திரத்தில் புதியவர் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பார். ஆரம்பநிலைத் தடத்தில் ஆரத்தைத் தாராளமாக விட்டு, சுவரைத் தாழ்வாக வைப்பது அதனால்தான். இடம் போதாது என்று ஆரத்தைச் சுருக்கினால், அந்த வளைவின் பராமரிப்புச் செலவு ஒவ்வொரு கோடையும் திரும்பத் திரும்ப வரும்.

அன்றிலிருந்து எந்தப் புதிய பகுதியையும் திறந்த முதல் வாரத்தில், ஓட்டுபவர் கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் அரை நாளாவது உட்கார்ந்து கேட்கிறேன். பார்ப்பதைவிடக் கேட்பது பயனுள்ளது. டிஸ்க் பிரேக்கின் கீச்சொலி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தரையில் குச்சி நட்டுக் குறித்துக்கொள்கிறேன். பத்துப் பேரில் ஏழு பேர் ஒரே இடத்தில் பிரேக் பிடித்தால் அது ஓட்டுபவர்களுடைய பழக்கத்தின் குறை அல்ல, எங்கள் கோட்டின் குறை. பெரும்பாலும் காரணம் அந்த இடத்திலேயே இருப்பதில்லை. முப்பது மீட்டர் மேலே, தேவையில்லாமல் வேகத்தைக் கூட்டிய ஏதோ ஒரு நேர்க்கோட்டில் இருக்கும்.

தாவுமேடை பற்றி ஒரு பாடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒருவருக்கு அடிபட்டது. டேபிள்டாப் என்பது ஏறுமேடைக்கும் இறங்குமேடைக்கும் இடையே மண்ணால் நிரப்பிய தாவல். தூரம் குறைந்தவர் தட்டையான மேற்பரப்பில் இறங்கலாம் என்பதால் நடுவில் வெற்றிடம் விட்ட தாவலைவிடப் பாதுகாப்பானது. நாங்கள் கட்டியதை மூன்று நாள் காலையில் வெவ்வேறு திறமையுள்ளவர்களை வைத்துச் சோதித்தோம். எல்லோரும் சரியாக இறங்குமேடையில் விழுந்தார்கள். திறந்த பிறகு, பிற்பகலில் வந்தவர்கள் பலர் தூரம் குறைந்து மேடையின் விளிம்பிலேயே விழுந்தார்கள். ஓர் இளைஞருக்கு மணிக்கட்டு முறிந்தது. கோடையில் வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கிலிருந்து மலையை நோக்கிக் காற்று வீசத் தொடங்கும்; பிற்பகலில் அது வலுவடையும். எங்கள் தாவல் நேர் எதிரே அந்தக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்த மலையில் இருந்த எனக்கு அந்தக் காற்று தெரியும். ஆனால் சோதனையைக் காலையில் வைத்துக்கொண்டேன். இறங்குமேடையை முன்னால் கொண்டுவந்து, அதன் நீளத்தைக் கூட்டி, மேடை விளிம்பை உருட்டிவிட்டோம். இப்போது எந்தத் தாவலையும் காலையிலும் பிற்பகலிலும், காய்ந்த மண்ணிலும் மழைக்கு மறுநாளும் சோதிக்காமல் திறப்பதில்லை. ஈரமண் வேகத்தை எவ்வளவு குறைக்கும் என்பதைச் சோதித்தவர்கள்தான் அறிவார்கள்.

மண் வேலையில் மிகுந்த பொறுமை கேட்பது புல். மர எல்லைக்கு மேலே, இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், புல் வளரக் கிடைப்பது மூன்று மாதம்கூட இல்லை. இயந்திரத்தால் கீறி எறிந்த இடம் பல ஆண்டுகள் புண்ணாகவே கிடக்கும். எனவே தோண்டுவதற்கு முன் புல்லை வேரோடும் மண்ணோடும் பெரிய தகடுகளாக எக்ஸ்கவேட்டரின் தட்டைவாளியால் பெயர்த்து, புல் மேலாக இருக்கும்படி ஓரமாக ஒற்றை அடுக்கில் வைக்கிறோம். அடுக்கி வைத்தால் அடியிலுள்ளது அழுகிவிடும். சில நாள்களுக்குள், ஈரம் காயும் முன்பே, முடிந்த சரிவின் மீது அதைத் திரும்பப் பதிக்க வேண்டும். அதனால் ஒரு நாளில் எவ்வளவு தூரம் முடிக்க முடியுமோ அவ்வளவு தூரம் மட்டுமே திறக்கிறோம். ஒரே மூச்சில் ஒரு கிலோமீட்டரைத் திறந்து போட்டுவிட்டுப் பிறகு அழகுபடுத்திக்கொள்ளலாம் என்பவர்களோடு நான் வேலை செய்ய விரும்புவதில்லை. தகடு போதாத இடத்தில், அந்த உயரத்துக்கே உரிய புல்வகைகளின் விதையைத்தான் தூவ வேண்டும். பள்ளத்தாக்குப் புல் முதலாண்டு பச்சையாக எழுந்து அடுத்த குளிரில் மடிந்துவிடும்.

மேல்மண்ணை ஒருபோதும் பெர்முக்குள்ளோ தாவலுக்குள்ளோ போடக் கூடாது. அதிலுள்ள வேரும் இலைமக்கும் காலப்போக்கில் மட்கி உள்ளே பஞ்சுபோல் ஆகிவிடும். அடியிலிருந்து வரும் கனிம மண்ணை மட்டும் ஒரு சாண் கனத்துக்கு ஒரு படலமாக இட்டு, ஒவ்வொரு படலத்தையும் அதிர்வுத் தட்டால் இறுக்க வேண்டும். ஈரப்பதம் சரியா என்று அறிய, ஒரு பிடி மண்ணைக் கையில் இறுக்கிப் பார்க்கிறேன். உருண்டையாக நின்று, கட்டைவிரலால் அழுத்தும்போது இரண்டாகப் பிளந்தால் சரியான ஈரம். விரலில் ஒட்டினால் காத்திருக்க வேண்டும், உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

பனிச்சறுக்குப் பாதையைத் தடம் குறுக்கே கடக்கும் இடங்களை மிகக் குறைவாக வைக்கிறோம், அங்கே உயரமான எதையும் கட்டுவதில்லை. ஒரு மீட்டர் உயரமுள்ள மேட்டை மூட எத்தனை இரவுகள் பனி தூவ வேண்டும் என்பதை முன்னாள் பனித்தூவிக்காரனாக நான் நன்கு அறிவேன். மாடுகளுக்கு வேலி போட்டோம். மேய்ப்பவரோடு ஒவ்வொரு ஜூனிலும் கூட நடந்து, மாடு கடக்கும் இடங்களை அவரையே காட்டச் சொல்கிறோம். “தட்டையாக இருந்தால் மாடு நடக்கும், யாருக்காகக் கட்டியது என்று அதற்குத் தெரியாது” என்பது அவர் சொன்னது. அவர் காட்டும் இடங்களில் தடத்தின் இரு பக்கமும் கல் பதித்து உறுதியாக்குகிறோம். நடைப்பயணிகளின் பாதையைக் கடக்கும் இடத்துக்கு முன்னால் ஓர் ஏற்றம் கட்டாயம் வைக்கிறோம். எச்சரிக்கைப் பலகையைப் படிக்காதவரையும் ஏற்றம் மெதுவாக்கிவிடும்.

குளிர்காலத்துக்குப் பிறகு, மண்ணுக்குள் உறைந்த நீர் மேற்பரப்பைத் தூக்கி விட்டிருக்கும். நடந்தால் கால் உள்ளே போகும். அந்த நிலையில் தடத்தைத் திறக்கச் சொல்லி எப்போதும் அழுத்தம் வரும், ஏனென்றால் விடுமுறைக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஒரு வாரம் காய விட்டு, பிறகு இறுக்கி, பிறகு திறந்தால் கோடை முழுவதும் நிற்கும். ஈரத்தில் திறந்த ஓராண்டில் ஜூலை முடிவதற்குள் இரண்டு பெர்ம்களை அடியோடு மறுபடி கட்டினோம். அந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறேன். இப்போது அழுத்தம் வரும்போது அந்தத் தாளை எடுத்துக் காட்டுகிறேன், பெரும்பாலும் அது போதுமானதாக இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒருவழியாக ஒன்பது கிலோமீட்டர்த் தடத்துக்கு அனுமதியும் பணமும் கிடைத்தன. மேல்பாதியை இந்தக் கோடையில் முடித்து, நடு நிலையத்தோடு நிறுத்திவிட்டோம். கீழ்ப்பாதியின் கோட்டில் நாடாக்கள் கட்டியாயிற்று. குளிர்காலத்தில் பனியைச் சமன்செய்யும் இயந்திரங்கள் அவற்றை அறுத்துக்கொண்டு போய்விடும் என்பதால், முக்கியமான இடங்களைப் பாறைகளில் நிறம் பூசிக் குறித்திருக்கிறோம், செயற்கைக்கோள் கருவியிலும் பதிந்து வைத்திருக்கிறோம். நாடா கட்டிய கோட்டில் ஓரிடம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது: பழைய புல்வெளிக்குச் சற்று மேலே, ஆகஸ்டிலும் பச்சையாக இருந்த ஒரு சிறு தாழ்வு. அதைத் தாண்டிப் போவதா, மேலே சுற்றிப் போவதா என்பதை மே மாதத்தில் பனி உருகும்போது அங்கே போய் நின்று பார்த்துத்தான் முடிவு செய்வோம்.